இழிந்தது தானியமா, நம் பார்வையா?

சென்ற தை மாதத்தில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின், விருத்தாசலத்திற்கு மேற்கே மானாவாரிப் புன்செய் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தார்.

"ஹஜ்ரத், வரகுக்கும் உஷ்ரு உண்டுதானே?" என்று கேட்டார்.

"வானம் பார்த்த பூமியில் விளைந்ததாயிற்றே பாய், பத்தில் ஒரு பங்கு கொடுக்கத்தான் வேண்டும்" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கொடுத்தேன் ஹஜ்ரத். எங்க தெருவில் கணவனை இழந்த பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் ஒரு மூட்டையை இறக்கினேன். 'அரிசியா இருந்தா குடுங்க மாமா, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?' என்று கேட்டுவிட்டாள். மட்டமானதைத் தர்மம் செய்யக் கூடாது என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள். நான் கொடுத்தது மட்டமான பொருளா?"

இக்கேள்வி நம்மைப் பல நாட்கள் உறங்கவிடவில்லை. அன்பிற்குரிய வாசகர்களும் இதைச் சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஸூரத்துல் பகராவின் 267வது வசனத்தில், கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கச் சம்மதிக்காத மட்டமான பொருளைத் தர்மத்திற்கென ஒதுக்குவதை அல்லாஹ் தஆலா தடுக்கிறான். மதீனாவில் சிலர் பள்ளிவாசலில் ஏழைகளுக்காகப் பேரீச்சங்குலைகளைத் தொங்கவிடும்போது, நல்லதைத் தமக்கு வைத்துக்கொண்டு சொத்தைக் காய்களைத் தொங்கவிட்டதையொட்டி இவ்வசனம் இறங்கியதாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். ஆக, குற்றம் பேரீச்சம் பழத்தில் இல்லை. நல்லதை ஒளித்து அல்லதைக் கொடுத்த மனத்தில்தான் இருக்கிறது. நம் பெரியவரோ தம்மிடம் விளைந்ததில் சிறந்ததையே கொடுத்தார். அவருடைய தர்மத்தில் குறையில்லை.

அப்படியானால் வரகு என்றதும் நம் முகம் ஏன் சுளிக்கிறது?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டின் ரொட்டி பெரும்பாலும் வாற்கோதுமை ரொட்டியே. மாவைச் சலிக்கச் சல்லடைகூட இல்லாமல், அரைத்த மாவை ஊதி உமியைப் பறக்கவிட்டுச் சமைத்ததாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு தையற்காரர் வாற்கோதுமை ரொட்டியும் சுரைக்காய் ஆணமும் வைத்து விருந்துக்கு அழைத்தபோது நபியவர்கள் மனமுவந்து சென்றார்கள். எந்த உணவையும் அவர்கள் குறை கூறியதே இல்லை. அந்த உம்மத்தினரான நாம் ஒரு தானியத்தை ஏழையின் அடையாளமாக்கி வெட்கப்படுகிறோம்.

இத்தானியங்களிலும் சிந்திப்போருக்கு அத்தாட்சி உண்டு. நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். சிறுதானியங்களோ 350 முதல் 400 மில்லிமீட்டரில் விளைந்துவிடும். இடையில் மழை பொய்த்தால் வரகு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, அடுத்த மழைக்குத் தழைக்கிறது. கொளுத்தும் வெயிலிலும் குறைந்த நீரைக் கொண்டே உணவு சமைக்கும் தன்மையைக் கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு இவற்றின் இலைகளில் வல்ல நாயன் வைத்திருக்கிறான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. மழைக்காகத் தொழுவதும், மழை குறைந்தாலும் தாங்கும் விதையைத் தேர்ந்து விதைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இவ்வளவு எண்ணிய பின்னும் அந்தப் பெண்ணின் சொல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவள் பெருமையினால் மறுத்தாளா? பெரியவரிடம் மீண்டும் விசாரித்தோம். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. வரகின் உமி பல அடுக்கானது, கடினமானது. அக்காலத்தில் பெண்கள் திருகையில் அரைத்து, புடைத்து, மறுபடியும் குத்திப் பல மணி நேரம் பாடுபட்ட பின்னரே ஒரு வேளைச் சோறு கிடைத்தது. அவள் பகலெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் திருகையுமில்லை, நேரமுமில்லை. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. உமியோடு கொடுத்த வரகு அவளுக்கு உணவாக வரவில்லை, சுமையாகவே வந்தது. அதை மறுத்ததற்காக அவளை நாம் குறை கூற முடியாது.

ஆகவே, "ஏழைகள் பழையபடி கூழுக்குத் திரும்பட்டும்" என்று வயிறு நிறைந்த நாம் உபதேசம் செய்வதும் தவறாகும். எளிமையை ஒருவர் தாமே ஏற்றால் அது ஸுஹ்து. பிறர்மீது ஏற்றினால் அது அநீதி. ஒரு தலைமுறைக்கு நெற்சோறு என்பது கண்ணியமாக இருந்தது. அந்தக் கண்ணியத்தைப் பறிக்க நமக்கு உரிமையில்லை.

அப்படியென்றால் சுமையை யார் ஏற்பது? ஹிஜ்ரி 18ல் பெரும் பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யைத் தொடுவதில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உறுதி பூண்டார்கள். மாற்றத்தை இருப்பவரின் தட்டிலிருந்து தொடங்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. நகரத்தில் சர்க்கரை நோய்க்குப் பயந்தவர்கள் இன்று வரகரிசியை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் களத்துமேட்டில் வரகை மூட்டையாக விற்கும் விவசாயிக்கு அந்த விலையில் எவ்வளவு சேர்கிறது? கட்டுப்படியாகாமல் மக்காச்சோளத்துக்கு மாறியவர்கள் இப்பகுதியில் ஏராளம். உண்பவர் இல்லையேல் விதைப்பவரும் இல்லை.

நம் ஊரின் பீங்கான் சூளைகளைப் பாருங்கள். அழகிய கோப்பையில் தேநீர் அருந்துகிறவர் அது களிமண்தானே என்று அருவருப்பதில்லை. யாரோ பிசைந்து, வார்த்து, சுட்டுத் தந்திருக்கிறார்கள். வரகுக்கும் அந்த உழைப்பே வேண்டும். அதை ஏழைப் பெண்ணின் கையில் விடாமல், வசதியுள்ளவர்களும் ஜமாஅத்தும் ஏற்க வேண்டும்.

நாம் கூறுவது இதுதான். உஷ்ரு கொடுப்பவர் உமி நீக்கி அரிசியாக்கிக் கொடுக்கட்டும், அது இஹ்ஸான். ஹனஃபி மத்ஹபில் கிரயமாகக் கொடுக்கவும் இடமுண்டு. அளவு முதலிய விவரங்களைத் தத்தம் ஆலிமிடம் கேட்டறிக. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபியவர்கள் கண்டித்ததை விற்பவர் மறவாதிருக்கட்டும்; மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு உண்டவருக்கு மயக்கம் தரும். ரமளானில் சில நாட்களேனும் நோன்புக் கஞ்சியைச் சாமையிலோ வரகிலோ காய்ச்சலாம். வலீமாவில் ஒரு பதார்த்தம் சேர்க்கலாம். செல்வந்தரும் ஏழையும் ஒரே சட்டியிலிருந்து குடிக்கும்போது எந்தத் தானியத்திலும் இழிவு தங்காது.

இவற்றையெல்லாம் எழுதும் நம் வீட்டு அடுக்களையில் அன்றுவரை ஒரு படி வரகரிசி இருந்ததில்லை. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பெரியவர் மறு வாரம் அரை மூட்டையை ஆலையில் கொடுத்து அரிசியாக்கி அந்தப் பெண்ணிடம் சேர்த்தார். "வாங்கிக்கிட்டா ஹஜ்ரத், பிள்ளைகளுக்குக் கஞ்சி வெச்சாளாம்" என்றார். மீதியில் இரண்டு படியை நாம் விலைக்கு வாங்கிக்கொண்டோம். அவர் விலை வேண்டாமென்றார்; நாம் கேட்கவில்லை.

பயிரிட்டதில் பறவையோ மனிதனோ விலங்கோ உண்பதெல்லாம் விதைத்தவனுக்கு ஸதகா என்று நவின்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். வறண்ட நிலத்தில் வியர்வை சிந்தும் அக்கைகளுக்கு வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! அவர்கள் விளைத்ததை மதிக்கும் கண்களை நமக்குத் தருவானாக! ஆமீன்.