திறப்பு யாரிடம்?

வீட்டு இரும்புப் பெட்டியின் பூட்டுப் பழுதானால் திருத்துவதும், வசதியுள்ளோர் இலக்கப் பூட்டுக்கு மாற்றுவதும் முறையே. ஆயினும் அந்த இலக்கத்தை இல்லாளுக்கும் சொல்லாதோர் உளர். இன்னொருவர் அறிந்தால் களவு போகும் என்பர். போகலாம்தான். ஆனால் பொருள் இறைவன் தந்தது. வைத்திருப்பவர் காவலர் மாத்திரமே. காவலர் மாறும் நாள் வந்தால்?

ஒடிசாவின் பூரி ஜெகந்நாதர் ஆலயத்துப் பொக்கிஷ உள்ளறையின் திறப்பைக் காணவில்லை என்பது 2018இல் தெரியவந்தது. 2024 யூலை 14இல், அரசிடமிருந்த மாற்றுத் திறப்புகளும் பொருந்தாமையால் மூன்று பூட்டுகளையும் உடைத்தே உட்சென்றனர். பூட்டு ஒரு குற்றமும் செய்யவில்லை.

அங்கே உடைப்பதற்குப் பூட்டாவது இருந்தது. 2008இல் வெள்ளாங்குளத்தார் இடம்பெயர்ந்து வன்னியெங்கும் அலைந்த காலத்தில், குடும்பத் தலைவரைப் பறிகொடுத்த வீடுகள் சிலவற்றில் காணி உறுதி எங்கே, அடகுச் சிட்டை எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லாது போயிற்று.