சூடு வேறு, புகை வேறு

கோவில்பட்டியில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மின்சாரப் புகைப்பெட்டி இருக்கிறது. இடுப்பளவு உயரம். அடியில் ஹீட்டர், அதன்மேல் மரச்சில்லுத் தட்டு, மேலே கம்பித்தட்டில் தூத்துக்குடிச் சீலாத் துண்டங்கள். பக்கவாட்டில் டெம்பரேச்சர் கண்ட்ரோலர். 80 டிகிரி என்று வைத்திருக்கிறார். சென்சார் 80 காட்டியதும் ரிலே 'டக்'கென்று விழுந்து கரண்ட் நிற்கிறது. ஆனாலும் எண் ஏறுகிறது: 83, 86. ஹீட்டரில் தங்கிய சூடு இறங்கத் தயங்குகிறது. கொஞ்சம் விலையுள்ள கண்ட்ரோலர் என்றால், 80ஐ நெருங்கும்போதே கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்து ஏற்றத்தை அடக்கிவிடும்.

மீன் வேக இது போதும். புகைக்குத்தான் போதவில்லை. மரம் நன்றாகப் புகைய 300 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். மீனுக்கு அதில் கால்வாசிதான். ஒரே ஹீட்டரிடம் இரண்டையும் கேட்கிறோம். பெட்டி சூடேறியதும் கரண்ட் நிற்கிறது, சில்லு ஆறுகிறது, புகை அறுந்துபோகிறது. கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் பெட்டி சீக்கிரமே சூடாகிவிடும். ஆகவே அன்றைக்குப் புகை இன்னும் குறைவு.

சில்லு, நம் சீமைக்கருவேலம். அமெரிக்கர்கள் இறைச்சி சுடக் காசு கொடுத்து வாங்கும் மெஸ்கீட் இதற்குப் பங்காளி மரம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேரோடு பிடுங்கச் சொன்னதும் இதைத்தான்.

விளாத்திகுளம் பக்கம் இதே மரத்தில் கரிமூட்டம் போடுகிறார்கள். விறகை நெருக்கி அடுக்கி, தழை பரப்பி, மண் மூடித் தீ வைப்பது. அங்கே நிறுத்துவதற்கு சுவிட்ச் கிடையாது. ஏறக்குறைய 280 டிகிரியைத் தாண்டிவிட்டால் மரமே சூட்டைக் கக்கத் தொடங்கும். மூட்டக்காரர் கையில் இருப்பது காற்று ஒன்றுதான். ஓட்டையைத் திறக்கலாம், அடைக்கலாம்.

எதைப் பார்த்து அடைப்பது? புகையைப் பார்த்து. முதலில் வெள்ளையாக, கனத்து வரும். "இது தண்ணி அண்ணாச்சி, இன்னும் கரியாகல" என்றார் ஒருவர். சரிதான், பெரும்பாலும் நீராவி. அப்புறம் மஞ்சள் பாரித்துக் கண்ணைக் கரிக்கும்; அதில் தார் இருக்கிறது. கடைசியில் மெலிந்து நீலம் ஓடும். அந்த இடம் வெந்துவிட்டது, ஓட்டையை அடைத்துவிடுவார்கள். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். இரவில் ஒரு வெடிப்பைக் கவனிக்காமல் விட்டால் காற்று புகுந்து, காலையில் கரிக்குப் பதில் சாம்பல். ஆகவே ராத்திரியெல்லாம் ஈரமண்ணோடு சுற்றிவர வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்குள்ளும் போகிறது. இதைக் கைத்திறன் என்று மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

மீனுக்கும் நல்லது அந்த மெல்லிய நீலப்புகைதான். கனத்த வெள்ளைப்புகையில் கிடந்த துண்டம் கசக்கும். கண்ட்ரோலருக்கு நிறம் தெரியாது. சென்சார் இருக்கும் இடத்துச் சூடு மட்டுமே தெரியும். அதைக் குறை சொல்வதில் பொருளில்லை. நாம் கேட்டது அவ்வளவுதான்.

நண்பரிடம் சூட்டையும் புகையையும் பிரிக்கச் சொன்னேன். இப்போது ஒரு பால்பவுடர் டின்னில் உலர்ந்த மரத்தூள் நிரப்பி, சால்டரிங் அயர்னைச் செருகிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அது தனி பிளக். கண்ட்ரோலர் பெரிய ஹீட்டரை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ரிலே விழுந்த பிறகும் டின் புகைகிறது. மூடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள் கொஞ்சம் அதிகம். தூள் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இரண்டை அடைத்துப் பார்க்க வேண்டும்.