மகாயுகத்தின் எண்

கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திர சோழன் எடுப்பித்த ஆலயத்தினுள்ளே, ஏழு குதிரைகள் பூட்டிய சூரியனது தேரையும் அதன்மேல் மலர்ந்த தாமரையையும் சூழ மற்றைக் கிரகங்கள் எட்டும் விளங்க, ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகத்தை வலம்வரும் அன்பருள், தத்தம் வேகத்தில் விலகி விலகிச் செல்லும் இக்கிரகங்கள் வானத்திலும் என்றேனும் ஓரிடத்தில் கூடுமோ என்று சிந்திப்பவர் சிலரேனும் இருப்பர். சிற்பி கல்லிலே கூட்டியதை நம் சித்தாந்திகள் ஓர் எண்ணிலே கூட்டினார்கள். மகாயுகத்தின் ஆண்டுத்தொகையாகிய 43,20,000 என்பதே அவ்வெண்.

இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய பகா எண்களை முறையே எட்டு, மூன்று, நான்கு தடவை பெருக்கக் கிடைப்பது இது. 180 எண்களால் மிச்சமின்றி வகுபடுவது. இதனை ஸ்மிருதிகள், தர்மம் ஒவ்வொரு பாதமாகத் தேய்வதற்கேற்ப, 17,28,000, 12,96,000, 8,64,000, 4,32,000 எனப் பகுத்தன. கலியில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது இருபத்துமூன்று வயதினராயிருந்த ஆரியபடரோ, தொகையை அப்படியே ஏற்று, பகுப்பை மட்டும் மாற்றி, யுகம் நான்கும் சமமாகப் 10,80,000 ஆண்டுகளே என்றார்.

காரணம் சனியிடம் இருக்கிறது. அவர் கணக்கில் மத்திம கதியால் சனி ஒரு மகாயுகத்தில் 1,46,564 முறை சுற்றுகிறான். கலி பிறந்தபோது கிரகங்கள் மேஷத்தின் முதலில் ஒன்றுகூடி நிற்கவேண்டும். ஸ்மிருதிப் பகுப்பின்படி அப்போது மகாயுகத்தில் பத்தில் ஒன்பது பங்கு கழிந்திருக்குமாதலின், சனி 1,31,907 சுற்றுகளை முடித்து, அடுத்ததில் பாதிக்கு மேலும் சென்று, விருச்சிகத்தில் நிற்பான். சமபாகத்திலோ 1,09,923 சுற்றுகள் குறைவற முடிகின்றன. ஒரு பாகத்துக்குரிய 36,641 சுற்றுகளுக்கும் 10,80,000 ஆண்டுகளுக்கும் பொதுவான வகுஎண் ஒன்றைத் தவிர வேறில்லை. ஆகவே மேஷத்தின் முதலில் கூடிப் பிரிந்த சூரியனும் சனியும் அதே இடத்தில் மீண்டும் கூட அத்தனை ஆண்டுகளும் செல்லவேண்டும்.

ஸ்மிருதியை மீறினார் என்று 628-இல் பிரம்மகுப்தர் அவரைக் கண்டித்தார். அக்கண்டனத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சாஸ்திரம் தந்த தொகையை மலைத்து நிற்பதற்குரிய பேரெண்ணாக மட்டும் கருதியிருந்தால், அதன் பகுப்பை அவர் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. சனி நின்ற இடத்துக்கும் அது விடை சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தது, அதனை மெய்யென்று முழுமனத்தோடு நம்பியதாலன்றோ? வினவப்படுவதற்கு இடந்தராத பக்தியைக் காட்டிலும் இத்தகைய பக்தியே ஈசுவர சிருஷ்டிக்கு உகந்த மரியாதை என்பது என் துணிபு.

ஒரு மகாயுகத்துக்கு ஆரியபடர் சொன்ன நாள்தொகை 157,79,17,500. அதனை 43,20,000-ஆல் வகுத்தால் வரும் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரையே நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு; சித்திரை பிறக்கும் நாழிகையை அது குறிப்பதும் இதைக்கொண்டே. அந்நாளில் சங்கற்பம் செய்விக்கும் புரோகிதர் கலியுகத்தின் முதற்பாதம் என்கிறார். ஸ்மிருதியின் பகுப்பானாலும் ஆரியபடரின் பகுப்பானாலும் அச்சொல் சரியே.