சாட்சியை மாற்றினால் போதுமா?

பழைய காரில் இன்ஜின் விளக்கு எரிந்தால், பலரும் முதலில் மாற்றுவது சென்சாரைத்தான். சில நாளில் விளக்கு மீண்டும் எரிகிறது.

1996 முதல் அமெரிக்கக் கார்களுக்குப் பொதுவான பிழைக் குறியீடுகளில் ஒன்று பி0171. கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். அதைக் கண்டு சொல்வது ஆக்சிஜன் சென்சார். காரணமோ வெடித்த ரப்பர் குழாயாக இருக்கலாம். அடைபட்ட எரிபொருள் ஃபில்டராகவோ, தளர்ந்த எரிபொருள் பம்பாகவோ இருக்கலாம்.

சென்சார் வெறும் சாட்சி. சாட்சியை மாற்றினால் குற்றம் மறைவதில்லை.

சாட்சி சொல்வதும் வழியில் திரியலாம்: வயதான காரில் ஒயரின் உறை வெடிக்கும், கனெக்டரில் பச்சை பூக்கும், எர்த் இணைப்பு துருப்பிடிக்கும். புதிய சென்சாருக்குப் பணம் கொடுக்குமுன் குழாயையும் ஒயரையும் எர்த்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.