ஓய்வும் பனியும்

ஓய்வு விலைகொடுத்து வாங்கும் பொருளா, கொடையாகப் பெறுவதா?

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையூரான அடெல்போடனில் 2023-ஆம் ஆண்டு சனவரியில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. பருவத்துக்கு ஒவ்வாத வெப்பத்தால் சுற்றிலும் பசும்புல். நடுவே செயற்கைப் பனியாலான வெண்பட்டை ஒன்று. குளிர்ந்த வேளையில் நீரையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சிப் பனியாக்கும் எந்திரங்கள் இன்று அம்மலைகளில் பரவலாக உள்ளன.

இதைப் பேராசை என்று எளிதில் பழித்துவிடலாகாது. கால்நடை மேய்த்து வறுமையில் உழன்ற மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்குச் சோறிட்டது பனிச்சறுக்கே. விளையாட்டும் இழிவன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984-இல் இத்தாலியின் அடமெல்லோ மலையில் பனிச்சறுக்கி மகிழ்ந்தவர்தாம்.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. முன்பதிவு செய்த நாளில் பனி இருந்தே தீரவேண்டும் என்னும்போது ஓய்வு சரக்காகிறது. ஓய்வெடுக்க வந்தவன் கணக்குக் கேட்கும் முதலாளியாகிறான். வேலைநாளின் அவசரத்தை மலையுச்சிக்கும் சுமந்து செல்பவன் எங்கே இளைப்பாறுவான்?

பனி பொழியாத நாளில் அப்புல்வெளியில் மனநிறைவோடு நடக்கத் தெரிந்தவனுக்கே ஓய்வு கொடையாக வாய்க்கும். அவன் தங்கிச் செல்வதால் அவ்வூர் அடுப்பும் எரியும்.