வெள்ளத்தை எங்கே தடுப்பது?

ஹைதராபாத் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி கரைபுரண்டு நகருக்குள் புகுந்தபோது, அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். மாண்டவர்களோ ஏறத்தாழ 15,000 பேர் என்று கூறப்படுகிறது.

இனி இத்தகைய அழிவு நேராதிருக்க வழிகாணுமாறு நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. 1909-இல் அவர் வந்தார். அழிவு நிகழ்ந்த இடம் நகரம். ஆகவே நகரில் கரையை உயர்த்திக் கட்டிவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். அவர் முடிவுக்கு விரையவில்லை. வெள்ளம் எங்கிருந்து, எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கணக்கிட்டார். நதியின் மேற்பகுதியில் ஏறத்தாழ 800 ஏரிகள் இருந்தன. அவற்றுள் 200-க்கும் மேற்பட்டவை அந்த மழையில் உடைந்திருந்தன. மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும், நகருக்கு மேலே, இரண்டு நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது அவரது முடிவு. பெருவெள்ளத்தை அங்கே தேக்கி, நதி தாங்கும் அளவே கீழே விட வேண்டும். நகரின் கரைகளையும் அவர் மறந்துவிடவில்லை. ஆனால் கரைகளை மட்டும் நம்பவில்லை.

மனிதன் எடுக்கும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை நகருக்குள் வெள்ளம் புகுந்த பின் எடுக்கப்படுபவை. பாகப்பிரிவினையில் ஒரு சொல் தடித்துவிடுகிறது. அன்று மாலையே அண்ணன் தம்பி உறவு அறுகிறது. மேலதிகாரி கடிந்துகொண்ட இரவில் ராஜினாமாக் கடிதம் எழுதப்படுகிறது. கோபத்தை அந்தக் கணத்தில் அடக்க முயல்பவரின் நிலை இரங்கத்தக்கது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு அவர் சுவர் எழுப்புகிறார்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் இவ்வெள்ளத்தை அதன் ஊற்றிலிருந்தே காட்டுகிறார். பொருளை ஓயாது எண்ணுவதால் பற்று, பற்றினால் ஆசை, ஆசையினால் கோபம், கோபத்தினால் மயக்கம், மயக்கத்தால் நினைவு தடுமாறுகிறது, அதனால் புத்தி அழிகிறது. முடிவெடுக்க வேண்டிய கருவியே புத்திதான். அது வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஊற்றோ, எவரும் குற்றமென்று கருதாத ஓர் எண்ணத்தில் இருக்கிறது. தம்பியின் பங்கில் இருக்கும் கிணற்றை மூன்று வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு சொல் வெறும் சாக்கு.

அர்ஜுனனையும் கவனிக்கலாம். 'உமது சீடன், எனக்கு உபதேசியும்' என்று சரணடைந்தவன், உடனேயே 'போர் புரிய மாட்டேன்' என்றும் அறிவித்துவிட்டு மௌனமாகிறான். ஆலோசனை கேட்கும்போதே முடிவையும் கையில் வைத்திருப்பவர்கள் இன்றும் குறைவில்லை! பகவான் அம்முடிவை மறுத்து ஆணையிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆன்மாவின் இயல்பிலிருந்து தொடங்குகிறார். அதாவது, நதியின் மேற்புறத்திற்கு அவனை அழைத்துச் செல்கிறார்.

ஆகவே சிக்கல் நேரும்போது சாதகன் முதலில் கேட்க வேண்டியது, 'என்ன செய்வது?' என்பதன்று, 'இது எங்கே தொடங்கியது?' என்பதே. அறிந்தது எது, அஞ்சுவது எது என்று ஒரு தாளில் பிரித்து எழுதினால், அஞ்சுவதன் பட்டியலே நீளமாக இருக்கக் காண்பான். அதற்குரிய அமைதி அன்றன்றைய ஜபத்திலும் தியானத்திலும் முன்பே தேக்கப்பட்டிருக்க வேண்டும். மழை தொடங்கிய பின் அணை கட்ட இயலாது. உஸ்மான் சாகர் 1920-இலும், ஹிமாயத் சாகர் 1927-இலும்தான் நிறைவுற்றன. விசுவேசுவரய்யாவை அழைத்த நிஜாம் 1911-லேயே காலமாகிவிட்டார்.

தேக்கியதைக் காப்பதும் ஒரு வேலை. அரைமணி தியானம் ஒரு நாள் தொலைக்காட்சிக்காகக் கால்மணியாகிறது. பிறகு தொலைபேசி ஓரிடம் பிடித்துக்கொள்கிறது. ஹைதராபாத்தின் ஏரிப் படுகைகளிலும் வீடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. 2020 அக்டோபரில் பெருமழை பெய்தபோது அங்கே தண்ணீர் தன் பழைய இடத்திற்கே திரும்பி வந்தது.