கை தவறினாலும் ஈடு உண்டு

இமாம் ஷாஃபிஈ ஒரு கருத்தை மனத்தில் வைத்திருந்தும் அதைத் தீர்ப்பாகச் சொல்லாமல் தவிர்த்தார் என்று அவருடைய எகிப்து மாணவர் ரபீஃ அறிவித்திருக்கிறார். கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞன், தன்னிடம் கொடுத்த பொருள் தன் அலட்சியம் எதுவும் இல்லாமல் கெட்டுப்போனால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதே அந்தக் கருத்து. காலம் கெட்டுக் கிடக்கிறது, இதைச் சொன்னால் மோசமான ஆட்கள் இதையே கேடயமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சினாராம். 820இல் மறைந்த அந்த மேதையின் தயக்கத்தை எத்தனையோ முறை வாசித்துக் கடந்திருக்கிறேன். என் மனைவியின் செல்போன் கெட்டபோதுதான் அதன் பாரம் எனக்குப் புரிந்தது.

நான் காயல்பட்டினத்துக்காரன், அந்த இமாமின் சட்டப்பள்ளியான ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவன். ஹாங்காங்கில் இருக்கும் மகன் புது போன் வாங்கியபோது தன்னுடைய ஐபோன் 11ஐ உம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்குக் கைநடுக்கம் உண்டு. பூட்டைத் திறக்க ஆறு இலக்கங்களை அடிப்பதற்குள் விரல் எங்காவது வழுக்கிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும் ஃபேஸ் ஐடி இருந்ததால் யார் தயவும் இல்லாமல் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடி விரிசல் விட்டது, பக்கத்து ஊர்க் கடையில் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தோம். திரும்பி வந்த திரை பளிச்சென்று இருந்தது. ஆனால் அவள் முகத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த மாடலில் காதருகே இருக்கும் ஸ்பீக்கரும், முகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் சிறு விளக்கும் ஃப்ளெக்ஸ் எனப்படும் ஒரு மெல்லிய மின்பட்டையில் சேர்ந்து, பழைய டிஸ்ப்ளேயின் பின்புறம் ஒட்டியிருக்கும். புது டிஸ்ப்ளே போடுகிறவர் சூடு காட்டிப் பசையை இளக்கி, அதை உரித்தெடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். சூடு குறைந்தால் ஃப்ளெக்ஸ் கிழியும், கூடினாலும் கெடும். கிழிந்தால் வேறொரு போனிலிருந்து எடுத்து மாட்டியும் பயனில்லை, ஒவ்வொன்றும் அதனதன் போர்டோடு இணைக்கப்பட்டது. கையாள்கிற நரம்பு எவ்வளவு மென்மையானது என்பது வேலை செய்கிற பையனுக்குத் தெரியும். கொடுக்கிற நமக்குத் தெரியாது.

கடைக்காரர் முதலில், “கொண்டாரும்போதே அது வேலை செய்யலை சார்” என்றார். கவுண்டரில் வைத்து முகத்தைக் காட்டித் திறந்துதான் என் மனைவி போனைக் கொடுத்தாள். அதைச் சொன்னதும், “உள்ள தண்ணி இறங்கியிருக்கு” என்றார். அதற்கும் நான் அசையாமல் நிற்கவே சுவரைக் காட்டினார். பழுது பார்க்கும்போது ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அங்கே எழுதி ஒட்டியிருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பதில்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த மனிதர் ஊரை ஏமாற்றுகிறவர் அல்ல. பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கிறவர், வசதியற்றவர்களிடம் கூலி வாங்காதவர். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிப் பேசினார் என்ற கேள்வி வீடு வந்த பிறகும் என்னை விடவில்லை.

எனக்குத் தோன்றும் விடை இதுதான். பணம் கொடுத்தால் தான் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவர் நினைக்கிறார். அவரைக் குற்றவாளி ஆக்கினால்தான் பணம் கிடைக்கும் என்று வாடிக்கையாளரும் நினைக்கிறார். பாவத்தின் கணக்கையும் இழப்பின் கணக்கையும் இருவரும் ஒரே ஏட்டில் எழுதுகிறார்கள். மார்க்கம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தெரியாமல் செய்த தவறும் மறதியும் இந்தச் சமுதாயத்துக்கு மன்னிக்கப்பட்டன என்று நபிமொழி இருக்கிறது. அதே மார்க்கத்தில், தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால்கூட இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும் என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. செய்தவனைக் கொலைகாரன் என்று அது சொல்லவில்லை. இழந்தவர் கையை வெறுமையாக விடவும் இல்லை.

இன்னொரு மத்ஹபான ஹனஃபியின் அறிஞர்கள் இந்த இடத்தில் மிகக் கூர்மையாக வாதாடியிருக்கிறார்கள். 1197இல் மறைந்த மர்கீனானியின் ஹிதாயா என்ற சட்ட நூலில் துணி வெளுப்பவரின் வழக்கு வருகிறது. அடித்துத் துவைக்கும்போது துணி கிழிந்துவிடுகிறது. துவைக்கச் சொன்னதே உரிமையாளர்தான், அந்த அனுமதியில் நல்ல அடியும் அடங்கும், பிசகிய அடியும் அடங்கும், எனவே ஈடு இல்லை என்கிறார் ஹனஃபி அறிஞர்களில் ஒருவரான ஸுஃபர். ஷாஃபிஈயும் அந்தப் பக்கம்தான். ஹனஃபி மத்ஹபின் இமாமான அபூஹனீஃபாவும் அவருடைய இரு மாணவர்களும் மறுக்கிறார்கள்: உரிமையாளர் அனுமதித்தது சரியான வேலையை மட்டும்தான், துணியைக் கெடுக்கும் வேலை ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது. ஒட்டோமான் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டம் இதையே எடுத்துக்கொண்டது. பலருக்கும் வேலை செய்கிறவர், தன் செயலால் வந்த சேதத்துக்கு, அலட்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு.

நான் இந்த விஷயத்தில் ஹனஃபிகளின் பக்கம் சாய்கிறேன். ஆனால் எங்கள் இமாமின் நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. கூலி சில நூறு ரூபாய், கையில் இருப்பதோ பல ஆயிரம் பெறும் பொருள். கெட்டதற்கெல்லாம் முழு விலை கட்டு என்றால் பழைய போனை யாரும் தொடவே மாட்டார்கள், புதிது வாங்க வழியில்லாத ஏழைக்குத்தான் அடி விழும். நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் தன் 151, 152ஆம் பிரிவுகளில் அந்தப் பக்கமே நிற்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்டியிருந்தால் போதும் என்கிறது.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே எனக்கு வாப்பாவின் தொழில்தான் நினைவுக்கு வருகிறது. அவர் ரத்தினக்கல் வியாபாரி. பால்போல் மங்கிக் கிடக்கும் கியூடா கற்களை இலங்கையில் பேருவளையில் சூடேற்றக் கொடுப்பார்கள். நல்ல நேரமாக இருந்தால் நீலமாகத் தெளியும், இல்லையென்றால் வெடித்துவிடும். வெடித்த கல்லுக்காக வாப்பா யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. வெடிக்கலாம் என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒன்றுபோலத் தெரியும், அந்தக் கல்லைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துப் பேசிய பிறகே கொடுப்பார்கள். செல்போன் கடையில் இல்லாதது அந்தப் பேச்சுதான். சுவரில் ஒட்டிய அறிவிப்பு எல்லா போனுக்கும் எல்லாச் சேதத்துக்கும் பொதுவாகக் கைகழுவுகிறது. ‘இந்த ஃப்ளெக்ஸ் கிழியலாம், கிழிந்தால் முகம் காட்டித் திறக்க முடியாது, பரவாயில்லையா?’ என்று என் மனைவியிடம் கேட்டிருந்தால், விரிசல் கண்ணாடியே போதும் என்று வீட்டுக்கு எடுத்து வந்திருப்பாள். அந்த முடிவு அவளுடையது. அவளிடம் கேட்காமலே அது எடுக்கப்பட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், தெரிந்த தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

ஆணையத்துக்குப் போகவில்லை. அஸர் தொழுகை முடிந்து அவரைத் தனியாகப் பார்த்தேன். “தம்பி, உங்களை நான் ஏமாத்துக்காரர்னு சொல்ல வரலை. கை தவறினதுல பாவம் இல்லை. ஆனா என் வீட்டுல ஒரு பொருள் போயிருக்கு. அதை மட்டும் பேசுவோம்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கடைக்கு அழைத்துப்போய், பழைய டிஸ்ப்ளேயை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பசையோடு ஒரு துணுக்கு ஃப்ளெக்ஸ் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. “பையன் அன்னிக்கே சொல்லிட்டான் சார். எனக்குத்தான் சொல்ல வாய் வரலை” என்றார்.

டிஸ்ப்ளேக்கும் கூலிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் மத்ஹபுக்கும் ஓர் இடம் விட வேண்டும் என்று தோன்றியது. அவளுடைய விரல்களுக்கு அது ஈடாகாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. மிச்சத்தை மன்னிப்பது என் உரிமை அல்ல, போன் அவளுடையது என்று சொன்னேன். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து அவளிடமே கேட்டார். அவள் பொறுத்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கடையில் போனைத் திறப்பதற்கு முன் கேமரா, மைக், ஃபேஸ் ஐடி எல்லாவற்றையும் வாடிக்கையாளர் முன்பே சோதித்துப் பில்லில் எழுதுகிறார்கள். எது போகலாம் என்பதையும் வாயால் சொல்லிவிடுகிறார்கள். சுவரில் இருக்கும் அந்த அறிவிப்பை மட்டும் கடைக்காரர் எடுக்க மறுக்கிறார். எடுத்தால் நாளைக்கு வம்புக்காரன் ஒருவன் வந்து நிற்பான் என்கிறார். அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ‘சொல்லாமல் விட்ட சேதத்துக்கு நாங்கள் பொறுப்பு’ என்ற ஒரு வரியைக் கீழே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.